உரிமம் என்கிற சொத்து: பார்சலோனாவின் பயணியர் வீடுகள்

'அவன் வீடு, அவன் விடுறான். இதுல நகராட்சிக்கு என்ன வேலை?' இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவது பற்றிப் பேசும்போது நண்பர்கள் என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். இந்த 'அவன் வீடு' என்ற சொல்லாடலைத்தான் பார்சலோனாவின் அண்மைக்கால வரலாறு கேள்விக்குள்ளாக்குகிறது.

1992 ஒலிம்பிக்கை ஒட்டி அந்நகரம் தன்னைக் கடலை நோக்கித் திருப்பிக்கொண்டது. விடுதிகளுக்கு வந்த பயணிகள், 2008இல் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி போன்ற நிறுவனங்கள் வழியாக அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள்ளும் வந்தனர். 2014 ஆகஸ்டில் பார்சலோனெட்டா என்ற பழைய மீனவர் பகுதியில் மக்கள் தெருவில் இறங்கினர். அம்மணமாகத் திரிந்த பயணிகள் செய்தியானார்கள். ஏறும் வாடகை அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை.

வீட்டுக்கடனால் வெளியேற்றப்படுவோருக்கான இயக்கத்தை 2009இல் தொடங்கியவர்களுள் ஒருவரான அடா கொலாவ், 2015இல் மேயரானார். உடனே புதிய உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2016இல், உரிமமற்ற வீடுகளை விளம்பரப்படுத்தியதற்காக ஏர்பிஎன்பி, ஹோம்அவே இரண்டுக்கும் தலா 6 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2017இன் நகரத் திட்டம் பயணியர் வீடுகளின் எண்ணிக்கை மேலும் கூடாதபடி தடுத்தது.

இங்கேதான் எனக்கு ஒரு முரண் தெரிகிறது. கதவைச் சாத்தினால், ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்குத்தானே லாபம்? கட்டுப்படுத்த வந்த உரிமம், கிடைத்தற்கரிய பொருளாகி, தானே ஒரு சொத்தாக மாறியது. போராட்டத்திலிருந்து வந்தவர்களும் அதிகாரத்தின் கருவியைக் கையிலெடுக்கும்போது அதன் தர்க்கத்துக்குள் சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது 2023 நவம்பரில் வந்த கத்தலோனிய ஆணை. வீட்டு நெருக்கடி உள்ள ஊர்களில் உரிமத்துக்கு ஐந்தாண்டு ஆயுள் என்றது அது. அதை வைத்து 2024 ஜூனில் அடுத்த மேயர் ஜௌமே கொல்போனி, 10,101 உரிமங்களும் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்படா என அறிவித்தார். 2025 மார்ச்சில் ஸ்பானிய அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஆணையை உறுதிசெய்தது. தனிச்சொத்தின் எல்லையை அதன் சமூகப் பணியே வரையறுக்கும் என்பது அந்நாட்டுச் சாசனத்தின் 33ஆம் பிரிவு.

இதை வெற்றி என்று முழக்கமிட எனக்குத் தயக்கம்தான். 2024இல் வாடகைக்கு உச்சவரம்பு வந்ததும், சில மாதங்களுக்கு மட்டும் என்ற 'பருவகால' ஒப்பந்தங்களுக்குள் பல வீடுகள் நழுவின. மூலதனம் ஒரு வாசலை மூடினால் இன்னொரு வாசலில் நிற்கும். ஆனால் ஒன்று நிலைநாட்டப்பட்டிருக்கிறது: நகராட்சி கொடுத்த அனுமதி நிரந்தரச் சொத்தல்ல, அதற்குக் காலக்கெடு வைக்கலாம். 'அவன் வீடு' என்பதன் எல்லையை வரைவதில் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பங்கு உண்டு.