ஆனைமலையில் குழந்தைகளின் கோடை: நீரிடங்கள் மாறிய வரலாறு

பாசனமும் பஞ்சாலையும் கொங்கு நாட்டு வரலாற்றின் பெரிய அத்தியாயங்கள். அவற்றின் ஓரத்தில், குடும்பங்கள் தம் சிறு குழந்தைகளோடு வேனிற்பருவத்தை வெளியிலே எங்ஙனம் கழித்தன என்னும் சிறிய அத்தியாயம் ஒன்றும் உண்டு. ஆனைமலை வட்டாரத்தை ஆதாரமாகக் கொண்டு அதனைக் கிரமமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு குழந்தையின் கோடை எவ்விடத்தில் கழிகிறது என்பதை நிர்ணயிப்பது பெற்றோரின் விருப்பம் மட்டுமன்று. நீர் எங்கே நிற்கிறது, அது யார் வசம் இருக்கிறது என்பவையே பெரும்பாலும் அதனை நிர்ணயித்து வந்திருக்கின்றன என்பது இவ்வாராய்ச்சியால் விளங்கும்.

1. நிலமும் பருவமும்

ஆனைமலை என்னும் ஊர் பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே, ஆழியாற்றின் கரையில், தன் பெயரையே தாங்கிய மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் பிற பிரதேசங்கள் சித்திரை வெயிலில் வாடும்போது, பாலக்காட்டுக் கணவாயின் வழியாக நுழையும் மேல்காற்றும், அவ்வப்போது இறங்கும் கோடைமழையும் இவ்வட்டாரத்தின் உக்கிரத்தைத் தணித்துவிடுகின்றன. வைகாசி கடந்ததும் மலையிலிருந்து சாரல் வரத் தொடங்கும். எனவே, கோடையென்றால் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கவேண்டிய காலம் என்னும் எண்ணம் இம்மக்களிடம் வேரூன்றவில்லை. வெளியே வரலாம் என்று நிலமே அவர்களுக்கு அனுமதி தந்திருந்தது.

2. ஆற்றங்கரையின் பழைய நினைவு

இவ்வூரில் ஆறும் இளம்பருவமும் ஒன்றாக நினைக்கப்படுவதற்கு மிகப் பழையதொரு சோகம் சாட்சியாக நிற்கிறது. நீராடச் சென்ற இளம்பெண் ஒருத்தி, ஆற்றுநீர் அடித்துவந்த மாங்காயைத் தின்றாள் என்னும் குற்றத்திற்காக, எண்பத்தொரு யானைகளையும் அவள் நிறைக்கு ஈடான பொற்பாவையையும் தண்டமாகத் தர உற்றார் முன்வந்தும் அதனை ஏற்காது, அவளைக் கொல்வித்தான் குறுநில மன்னன் நன்னன் என்னும் செய்தியைப் பரணர் குறுந்தொகையின் 292-ஆம் பாட்டில் குறித்திருக்கிறார். சங்க நூல்கள் நன்னன் என்னும் பெயரைத் தொலைவிலுள்ள ஏழில் மலையோடும் இணைத்துப் பேசுகின்றன. எனினும் ஆனைமலையின் ஊர்வழக்கு இக்கொலையைத் தன் ஆற்றங்கரையிலேயே நிறுத்தி, ஆழியாறும் உப்பாறும் கூடுமிடத்தில் சயனக் கோலத்தில் அருள்பாலிக்கும் மாசாணியம்மனை அப்பெண்ணாகவே வழிபட்டு வருகிறது. ஆற்றில் குளிப்பதும், அது கொண்டுவரும் கனியை உண்பதும் இளையோரின் இயல்பான உரிமை என்றும், அதனை மறுத்த அதிகாரம் பழிக்குரியது என்றும் மக்கள் கொண்ட தீர்ப்பை இவ்வழிபாட்டில் காண்கிறோம்.

3. தோட்டத்துச் சாளையும் கிணறும்

கொங்கு வேளாண் குடும்பங்களில் பல, ஊருக்குள் நெருங்கி வாழாமல், தத்தம் நிலத்திலேயே சாளை அமைத்து வாழ்ந்தவை. அத்தகைய குடும்பத்தில் குழந்தைக்கு வெளி என்பது தேடிச் செல்லவேண்டிய இடமன்று. தாய் களையெடுக்கும் வரப்பின் மேட்டில், மரக்கிளையில் கட்டிய தூரியில் சிசு உறங்கும்; மூத்த குழந்தைகள் ஆடு மேய்ப்பதும், நுங்கு தின்று எஞ்சிய கூந்தல்களைக் கோர்த்து வண்டி உருட்டுவதும், விடியலில் இறக்கிய பதநீராகிய தெளுவைப் பனையோலைத் தொன்னையில் வாங்கிப் பருகுவதுமாகப் பொழுதைக் கழிப்பார்கள். உழைப்பும் விளையாட்டும் ஒரே நிலத்தில், ஒரே பொழுதில் நிகழ்ந்தன. அவற்றைப் பிரித்து நோக்கும் அவசியம் எவருக்கும் நேரவில்லை.

அவ்வாழ்க்கையின் மையம் கிணறு. எருதுகள் கவலை இறைத்த காலத்தில், படிகள் வைத்துக் கட்டிய அகன்ற கிணறுகளே நீச்சற் பள்ளிகள். முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, தந்தையோ மாமனோ நீருக்குள் நின்று கையேந்த, ஐந்தாறு வயதுக் குழந்தை முதன்முதலாக நீரில் இறங்கும். பள்ளி தோன்றியபின் கோடையில் தாய்வழிப் பாட்டியாகிய அமுச்சி வீட்டுக்கும் தாத்தாவாகிய அப்புச்சி தோட்டத்துக்கும் அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கு, திரும்பும்போது நீந்தத் தெரிந்திருப்பதே அவ்விடுமுறையின் பெரிய லாபமாகக் கருதப்பட்டது.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியதும், 1937-இல் கோயம்புத்தூரில் உள்நாட்டு மின்மோட்டார் உருவானதும் இக்கிணறுகளின் விதியை மாற்றின. கவலை ஓய்ந்து பம்புசெட்டு வந்தது. தொட்டியில் விழும் மோட்டார்த் தண்ணீரில் குளிப்பது குழந்தைகளுக்குப் புதியதோர் ஆனந்தமாயிற்று. ஆனால் அதே சக்தி நிலத்தடி நீரை ஆழத்துக்கு இழுத்தது. கிணறுகள் வற்ற, ஆழ்துளைக் குழாய்கள் பெருகின. குழாய்க்குள் குழந்தை நீந்த இயலாது. வீட்டருகே இருந்த முதல் நீரிடம் இவ்வாறு பல தோட்டங்களில் மறைந்தது.

4. பள்ளி தந்த விடுமுறை

பழைய திண்ணைப் பள்ளிகள் அமாவாசை, பௌர்ணமி போன்ற திதிகளை ஒட்டியே ஓய்வு தந்தன. அக்காலத்துச் சிறுவனின் விடுமுறை சந்திரனைப் பின்பற்றியது. ஆங்கில ஆட்சியில் வளர்ந்த பள்ளி முறையே ஆண்டுத் தேர்வையும், அதனைத் தொடர்ந்த நீண்ட கோடை ஓய்வையும் ஸ்திரப்படுத்தியது. ‘முழுப்பரீட்சை லீவு’ என்று குழந்தைகள் ஆவலோடு எண்ணிக் காத்திருக்கும் அந்தக் காலப்பகுதி, குடும்ப வாழ்வில் ஒரு நவீன ஸ்தாபனம். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இலும், அங்கிருந்து பாலக்காட்டுக்கு 1932-இலும் ரயில் ஓடத் தொடங்கி, இடையே ‘ஆனைமலை ரோடு’ என்னும் நிலையமும் எழுந்தபின், நகரத்தில் வேலை பார்த்த தந்தை தன் மனைவி மக்களைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைப்பது எளிதாயிற்று. உழைப்போடு கலந்திருந்த கோடை, இவ்வாறு உழைப்பினின்று பிரிந்த ஓய்வாக உருப்பெற்றது.

5. அணையும் பூங்காவும்

மேற்கே பாயும் ஆறுகளின் நீரைக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1961 அக்டோபர் 7 அன்று நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. அதனால் இவ்வட்டாரம் பெற்றது பாசனம் மட்டுமன்று. நூற்றிருபது அடி முழுக்கொள்ளளவு மட்டம் கொண்ட ஆழியாறு நீர்த்தேக்கமும், அதன் அடியில் விரிந்த பூங்காவும், படகுத்துறையும் கொங்குக் குடும்பங்களுக்குப் புதியதொரு வழக்கத்தைக் கற்பித்தன. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு, உறவினர் பலர் ஒரே வண்டியில் நெருக்கி அமர்ந்து, அணையைப் பார்த்து, வால்பாறைச் சாலையின் அடியில் விழும் கவியருவியில் குளித்து, பொழுது சாயத் திரும்பும் ஒருநாள் யாத்திரை அத்தலைமுறையின் பால்ய நினைவுகளில் நிலைத்துவிட்டது.

அதே சமயம், ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு வாய்க்கால்களான காரப்பட்டி, பள்ளிவிளங்கால், அரியாபுரம், பெரியணை, வடக்கலூர் என்னும் ஐந்தும் ஆனைமலைச் சிற்றூர்களின் குழந்தைகளுக்கு இன்றளவும் வீட்டருகே நீர் தந்து வருகின்றன. தென்னை நிழலில், முழங்கால் அளவு ஓடும் நீரில், தாய்மார் துணி துவைக்கும் கல்லருகே குழந்தைகள் அளைந்து விளையாடும் காட்சியில் கட்டணமும் காவலும் இல்லை. ஆனால் திட்டத்தின் பெரிய கால்வாய்களோ வேறு சுபாவம் உடையவை. சிமெண்டு பூசிய சரிந்த கரைகளும் வேகமான ஓட்டமும் கொண்ட அவற்றில், நீந்தப் பழகாத குழந்தை இறங்கினால் ஏறிவருவது அரிது. கிணறு கற்பித்த வித்தை மறைந்த காலத்திலேயே இந்த ஆபத்தும் வந்து சேர்ந்தது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

6. காடு காட்சியிடமாதல்

காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகிய பழங்குடியினருக்கு இம்மலைக்காடே வீடு. கோடை அவர்களுக்குத் தேன் எடுக்கும் பருவம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேக்குக்காக இக்காடு வெட்டப்பட்டு, மலையுச்சியிலிருந்து மரங்கள் அடிவாரத்துக்குச் சரித்துவிடப்பட்டன. அவ்வுச்சியே டாப்ஸ்லிப். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டை அரசின் உடைமையாக்கியபோது, அங்கே பிறந்த குழந்தைகளின் முற்றமும் ஒதுக்குக் காடாயிற்று. அழிந்த தேக்குவனத்தை அடிக்கட்டையின் மறுதளிரிலிருந்து மீட்க உழைத்த வன அதிகாரி ஹியூகோ உட் 1933-இல் மறைந்து, இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1976-இல் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆன இக்காட்டுக்கு இன்று குடும்பங்கள் விருந்தினராய் வருகின்றன. கோழிகமுத்தி முகாமில் யானைகளுக்குக் கவளம் ஊட்டுவதைக் காணும் குழந்தையின் கண்கள் வியப்பில் விரிகின்றன. அக்கவளத்தை ஊட்டும் பாகர்களில் பலர் மலசர் குடியினர். 2023-இல் தன் அறுபதாம் வயதில் பணி ஓய்வு பெற்ற கலீம் என்னும் கும்கி யானைக்கு வனத்துறையினர் மரியாதை அணிவகுப்பு நடத்தியதை இவ்வட்டாரம் தன் குடும்ப விசேஷம் போலவே போற்றியது. கவியருவியிலும் நீர் வற்றும்போதும் பெருகும்போதும் வனத்துறை வாயிலை மூடுகிறது. இக்கட்டுப்பாடுகள் நியாயமானவை, காடு பிழைத்தால்தான் ஆறு பிழைக்கும். ஆனால் கோடையின் நீர் இப்போது வாயிலுக்கு அப்பால் நிற்கிறது என்பதும் உண்மை.

7. முடிவுரை

கிணற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து அணைக்கும், அணையிலிருந்து அருவிக்கும் நீரிடம் நகர்ந்த இவ்வரலாற்றில், போகப்போகத் தூரம் நீண்டது. நீரோடு குழந்தை கழிக்கும் காலம் குறுகியது. பருவம் முழுவதும் கிடைத்த அனுபவம் ஒருநாள் பிரயாணமாகச் சுருங்கியது. வாகனமும் பணமும் உள்ள குடும்பத்துக்கு இது சிறு நஷ்டம். வாய்க்காலும் அருகில் இல்லாத தோட்டக் கூலியின் குழந்தைக்கோ கோடையே கைநழுவிப் போகிறது.

அருவிக்கு மேலும் கூட்டத்தைத் திரட்டுவதால் இக்குறை தீராது. பழைய ஆயக்கட்டு வாய்க்கால்களின் படித்துறைகளைச் செப்பனிட்டுத் தூய்மையாகக் காப்பதும், நீருள்ள கிணறுகளிலும் குளங்களிலும் பள்ளிதோறும் நீச்சல் கற்பிக்க ஏற்பாடு செய்வதும், காட்டின் குழந்தைகளுக்குக் காட்டில் உள்ள உரிமையை நிலைநாட்டுவதும் ஊராட்சிகளும் அரசும் செய்யத்தக்க, செய்தே தீரவேண்டிய காரியங்கள். நெல்லுக்கும் தென்னைக்கும் எத்தனை நாள் நீர் விடுவது என்று கணக்கிடும் சமுதாயம், தன் குழந்தைகள் கால் நனைத்து விளையாடுவதற்கும் அக்கணக்கில் ஓர் இடம் ஒதுக்கவேண்டும்.