மெரினாவும் மனோராவும்

பட்டுக்கோட்டைக்காரர்களுக்குக் கடற்கரைகள் இரண்டு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அழைத்துப்போக மனோரா. நாமே விருந்தாளியாகச் சென்னைக்குப் போனால் பார்த்துவர மெரினா. ஒன்றில் நாம் இருப்பவர்கள், மற்றொன்றில் வந்தவர்கள். சுற்றுலா வருகிறவர்களையும் பொது இடத்தில் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் பெருநகரத்தார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேச வந்தால், இப்போதெல்லாம் வெனிசிலிருந்தும் பார்சிலோனாவிலிருந்தும் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 2024 ஏப்ரலில் வெனிஸ் நகரம் பகலில் வந்து திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் பார்சிலோனாவாசிகள், உணவகத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சிப் போராடினார்கள். நம் மாநிலத்திலும் அந்த ஆண்டு மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டியிருந்தது. அவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. ஆனால் ஒரே கிழக்குக் கடற்கரையின் இருவேறு இடங்களில் இருக்கும் இந்த இரண்டு கரைகளை யாரும் அருகருகே வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வைத்துப் பார்த்தால், எதிர்பாராத உறவு ஒன்று தெரிகிறது.

முதலில் பெயர்கள். காதுக்கு அக்காள் தங்கைபோல ஒலிக்கும் இவ்விரண்டும் தமிழ்ச் சொற்கள் அல்ல. மனோரா 'மினார்' என்ற சொல்லின் திரிபு. மெரினா இத்தாலியத்திலிருந்து வந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அந்தக் கடற்கரைச் சாலையை அமைத்தபோது, சிசிலித் தீவில் தான் கண்ட கரையின் நினைவாக அப்பெயரை வைத்தார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814இல் சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா என்ற அறுகோணக் கோபுரத்தை எழுப்பியதோ, நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட. ஒருவர் எங்கோ பார்த்த கரையை இங்கே நினைத்துக்கொண்டார். மற்றவர் தாம் பாராத போரை இங்கே கல்லில் நட்டார். ஆக, இரு கரைகளுமே தொலைதூரத்து நினைவின் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. வருகிறவர்களை அந்நியர் என்று முகம் சுளிக்கும்போது, இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மனோராவின் சுவரில் ஆணியால் கீறிய பெயர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதயக்குறி, அம்பு, இரண்டு பெயர்கள், ஒரு தேதி. ஆனால் அதே கோபுரத்தில் மன்னர் வைத்த கல்வெட்டும் இருக்கிறது: இன்னார், ஆங்கிலேயரின் நண்பர், இன்ன வெற்றியின் நினைவாக, இன்ன ஆண்டில். எழுதியவரின் தகுதி வேறு, எழுத்தின் அழகு வேறு; நான் இங்கே இருந்தேன் என்று காலத்துக்குச் சொல்லிவைக்கும் ஆசை ஒன்றுதான். மெரினாவில் கீறுவதற்குச் சுவர் இல்லை. அங்கே வெளியூர்க்காரர் எம்.ஜி.ஆர். சமாதியின் கல்லில் காதை வைத்து, உள்ளே கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்பார். நகரத்தார் அதைப் பார்த்துச் சிரித்தபடி கடந்துபோவார்கள். என் பெரியம்மா ஒருமுறை அப்படிக் காதை வைத்துவிட்டு, நிமிராமல் வெகுநேரம் குனிந்தே இருந்தார். கேட்டதா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. சிரித்தவர்கள் பார்த்தது ஒரு பட்டிக்காட்டு நடத்தை. நான் பார்த்தது ஒரு துக்க விசாரிப்பு.

கடல்களும் வேறு. மனோராவுக்கு முன்னால் இருப்பது பாக் விரிகுடா: ஆழமில்லாத, சேறு கலந்த, கடற்புல் வளர்ந்த அமைதியான நீர். அந்தப் புல்லை மேயும் கடற்பசுவுக்காகத்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. மெரினாவுக்கு முன்னால் இருப்பது திறந்த வங்கக்கடல்: சில அடி போனதும் தரை இறங்கிவிடும், அலை காலை வாரிவிடும். சென்னைக்காரர் மனோராவுக்கு வந்ததும், "என்னங்க, அலையே இல்லையே?" என்பார். பட்டுக்கோட்டைக்காரர் மெரினாவுக்குப் போனதும், தடையை மீறி இடுப்பளவு தண்ணீர்வரை இறங்கிவிடுவார். காவலர் விசில் ஊதுவார், கரையில் நிற்கும் நகரத்துப் பெண்மணி "இவங்களுக்கெல்லாம் சொன்னா புரியாது" என்பார். புரியாமை உண்மைதான். ஆனால் அது ஒழுக்கக்கேடு என்று எனக்குத் தோன்றவில்லை. தாய்க்கடல் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் வேறொரு கடலில் ஒப்பிக்கிறார், அவ்வளவுதான். நாம் 'நடத்தை' என்று பேரெழுதிக் குறைசொல்லும் பலவற்றில் பாதி இப்படித் தண்ணீரின் குணம்.

இனி, குற்றச்சாட்டுகள். காணும் பொங்கலன்று இரு கரைகளிலும் கூட்டம் நெரியும். மெரினாவில் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவல்துறை கட்டிவிடும்; தடுப்புக்கட்டைகள், கண்காணிப்புக் கோபுரங்கள் எழும்; மறுநாள் மாநகராட்சி வண்டி வண்டியாகக் குப்பை அள்ளும். மனோராவில் பட்டையும் இல்லை, கோபுரமும் அந்தப் பழைய ஒன்றுதான். கட்டுச்சோற்றை விரிக்கும் குடும்பங்கள், வரிசைகட்டி நிற்கும் வேன்கள், மறுநாள் தட்டும் குவளையும் சிதறிய மண். சென்னையில் சொல்வார்கள்: "வெளியூர்க்காரங்க வந்து நாசம் பண்ணிட்டுப் போயிடுறாங்க." பட்டுக்கோட்டையில் சொல்வார்கள்: "வெளியூர்க்காரங்க வந்து நாசம் பண்ணிட்டுப் போயிடுறாங்க." ஓர் எழுத்து மாறாது. ஆனால் மெரினாவின் பொங்கல் கூட்டத்தில் பெரும்பகுதி சென்னைக்காரர்களும் சுற்றியுள்ள மாவட்டத்தாரும். மனோராவின் கூட்டத்தில் பெரும்பகுதி பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிக்காரர்கள். வெளியூர்க்காரர் என்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்தான். தன் ஊர் ஆள் செய்ததென்று ஒத்துக்கொள்ளக் கூசும் குற்றத்தைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்படுகிறார். அவருக்கு இருவரும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

இதுவரை கண்டவை ஒற்றுமைகள். ஒரு வேற்றுமையில் நின்று நிதானிக்க வேண்டும். மெரினாவில் குறை சொல்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். விடியற்காலையில் காந்தி சிலையிலிருந்து நடப்பவர்களுக்குக் கூட்டம் என்றால் அழகுக் குறைவு. சுண்டல், பஜ்ஜி, மாங்காய்ப் பத்தை விற்பவர்களுக்குக் கூட்டம் என்றால் சோறு. கரைமேல் வீடு வைத்திருக்கும் நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்தியாகுப்பத்து மீனவர்களுக்கோ இரண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் மீன் வாங்குகிறார். அவரே முந்தைய இரவு பாட்டிலை மணலில் விட்டுப்போனவராகவும் இருக்கலாம். படகைத் தண்ணீருக்குத் தள்ளுகிறவர் செருப்புப் போடுவதில்லை. மணலுக்குள் புதைந்த கண்ணாடித் துண்டு நடைபயில்வோரின் காலணியில் பட்டு ஒதுங்கிவிடும். மீனவரின் குதிகாலில் இறங்கினால் நாலைந்து நாள் பாடு போய்விடும். ஒரே சில்லு, ஒருவருக்கு அசிங்கம், ஒருவருக்குக் காயம்.

மனோரா பக்கத்தில் நடைபயில்வோர் கூட்டம் இல்லை. கடைகளும் சில இளநீர், ஐஸ், கடலைக் கடைகள்தாம். அதனால் வருகிறவர்களால் கிடைக்கும் வருமானம் ஊரில் அதிகம் தங்காது. அவர்கள் விட்டுப்போவது மட்டும் தங்கும். பக்கத்திலேயே மல்லிப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம். எங்கள் மாவட்டத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போனவை ஞாயிறு காலையில் கரைசேரும். ஊர் முழுதும் வேலையில் மும்முரமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் சுற்றுலா வண்டிகளும் வந்து நிற்கும். காயப்போட்ட வலையின்மேல் கார் டயர் ஏறியதை ஒருநாள் பார்த்தேன். ஓட்டியவர் கெட்டவர் அல்லர். கீழே இருப்பது வலை என்றே அவருக்குத் தெரியவில்லை. இறங்கி மன்னிப்புக் கேட்டார். வலைக்காரர் ஒன்றும் சொல்லாமல் குந்தியிருந்து, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி எண்ணிக்கொண்டிருந்தார்.

நொச்சிக்குப்பத்தில் இருப்பவரும் மல்லிப்பட்டினத்தில் இருப்பவரும் பேசும் பேச்சு ஒன்றாக இருக்கிறது. நொச்சிக்குப்பத்தாரும் அதற்கு அரை மைல் தள்ளி அடுக்குமாடியில் இருப்பவரும் பேசும் பேச்சு ஒன்றாக இல்லை. இந்த ஒப்பீட்டில் என்னை வியக்கவைத்தது இதுதான். நகரத்தார், வெளியூரார் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு சரியான இடத்தில் இல்லை. கடற்கரையைப் பார்க்கும் இடமாகக் கொண்டவர்கள் ஒருபக்கம், வேலை செய்யும் இடமாகக் கொண்டவர்கள் மறுபக்கம். சென்னையின் நடைபயில்வோரும் பட்டுக்கோட்டையிலிருந்து போன நானும் முதல் பக்கத்தில் சேர்ந்தே நிற்கிறோம்.

'பொது இடத்தில் நடத்தை' என்ற பேச்சு எப்போதும் வருகிறவர்மேல் மட்டும் பாய்வதில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தபோது எழுந்த மோதலில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டு மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில், மெரினாவை ஒட்டிய லூப் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்றத்தில் பேச்சு எழுந்தது. மீனவர்கள் சாலையில் படகை நிறுத்திப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். இரு நிகழ்வுகளிலும் அழுக்காகத் தெரிந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்கள்தாம். பார்க்க வருகிறவரின் கண்ணுக்கு ஏற்றபடி இருப்பவர் நடந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சுற்றுலாவின் ஒரு பகுதி. மனோராவுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. கடற்பசுப் பாதுகாப்பு மையம் அங்கே வரவிருப்பதாக அறிவிப்பு வந்த நாள்முதல் எனக்கு அந்தக் கவலை உண்டு. மையம் வேண்டும், வலை காயும் மணலும் வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு வந்தவர்களைப் பேணுவதில் பழைய பெருமை ஒன்று உண்டு. மனோரா இருக்கும் ஒன்றியத்தின் பெயரே சேதுபாவாசத்திரம். இராமேசுவரம் போகும் வழிநடையில் தஞ்சை மராட்டியர் கட்டிவைத்த சத்திரங்களில் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் பேர்போனது. சத்திரங்களைக் கும்பெனி எடுத்துக்கொள்ளக் கூடாதென்று சரபோஜி 1801இல் ரெசிடென்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யார் என்று கூப்பிடும் வழக்கத்தைச் சொல்கிறார். அந்த மணியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும். ஆயினும் ஒன்று: சத்திரத்துக்கு வந்தவர் பசியோடு வந்தார், நடந்து வந்தார், ஊர் தருவதை வாங்கிக்கொண்டு போனார். மனோராவுக்கு வருபவர் சோற்றோடு வருகிறார், வண்டியில் வருகிறார், ஊரிடம் எதையும் கேட்பதில்லை. கேட்காதவரோடு உறவு உண்டாக இடமில்லை. மெரினாவில் அந்த உறவுக்குச் சுண்டல் பொட்டலம் அளவுக்காவது இடம் இருக்கிறது. வந்தாரை வாழவைத்த பெருமை எங்களுக்கு இருக்கலாம்; வந்தாரோடு பேசும் பழக்கம் இன்றைக்கு மெரினாவில்தான் அதிகம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இடர்நாட்களில் மட்டும் இரண்டு கரைகளும் சமநிலைக்கு வந்துவிடும். 2017 ஜனவரி 23 அன்று, ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டிருந்த இளைஞர்களைக் காவல்துறை கலைத்தபோது, ஓடிவந்தவர்களை நடுக்குப்பத்தார் தங்கள் வீடுகளுக்குள் ஏற்றுக்கொண்டார்கள். அன்று அவர்களுடைய மீன் சந்தை எரிந்தது. அந்த இளைஞர்களில் எங்கள் டெல்டாப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்து, மல்லிப்பட்டினத்துப் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப்போட்டபோது, மெழுகுவர்த்தியும் தார்ப்பாயும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வேன் வேனாக வந்தார்கள். அந்த வாரம் எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் 'வெளியூர்க்காரங்க' என்ற சொல்லைக் கேட்டதில்லை. "மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்க" என்றார்கள். பெயர் மாறிவிட்டது.

போன தடவை தாம்பரத்தில் ரயிலிறங்கியவன், மாலையில் லூப் சாலைப் பக்கம் நடந்தேன். பழைய மரப்பலகையின்மேல் ஓர் அம்மாள் சங்கராவைச் செதில் நீக்கிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவன் அல்லன், பார்க்க நிற்பவன் என்று என்னை ஒரு பார்வையில் கணித்துவிட்டு, கத்தியை நிறுத்தாமலே, "எந்த ஊரு?" என்றார். பட்டுக்கோட்டை என்றேன். "மல்லிப்பட்டினம் பக்கமா?" என்று நிமிர்ந்தார். ஆமாம் என்றதும், "அங்கே நண்டு நல்லா விழுமே, இப்போ என்ன விலை போவுது?" என்று கேட்டார். எனக்கு அன்றைய விலை தெரியவில்லை. போன வாரத்து விலையைச் சொன்னேன். தனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, செதில் தெறிக்காத பக்கமாகப் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, "உட்காரு தம்பி" என்றார்.