மட்டைக்குள்ளிருந்து கப்பலேறிய தூள்

மலையாளத்தில் இதற்குச் சகிரிச்சோறு என்று பெயர். இலங்கைத் தமிழர் தும்புச்சோறு என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் நார்க்கழிவு. நார் மில்காரர்கள் பேச்சில் வெறும் பித். பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு என்று அழைத்த பொருளுக்குக் கழிவு என்று பெயர் வைத்தது நாம்தான். அந்தப் பெயரின் விலையை நெடுங்காலம் கொடுத்தோம்.

தேங்காய் மட்டையில் நாருக்கும் நாருக்கும் நடுவே பஞ்சுபோல் அடைந்திருப்பது இது. மட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நார். மீதியெல்லாம் இந்தத் தூள். கயிறு, மெத்தை, மிதியடி என்று நாருக்கு எந்தக் காலத்திலும் வாங்க ஆள் இருந்தது. ஆனால் ஒரு டன் நார் எடுத்தால் இரண்டு டன் தூள் பின்னால் நிற்கும். அதை யார் தலையில் கட்டுவது?

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரத்தில் தென்னை பெருகியது. தென்னைக்குப் பின்னாலேயே நார் மில்கள் வந்தன. கேரளத்தில் மட்டையை மாதக்கணக்கில் காயலில் ஊறப்போட்டு, பெண்கள் கையால் அடித்து நார் பிரித்தார்கள். இங்கே அந்த வேலையை இயந்திரம் செய்தது. நார் வந்த வேகத்தில் தூளும் குவிந்தது. சாலையோரங்களில் பழுப்பு நிறக் குன்றுகள் எழுந்தன. காற்றடித்தால் கண்ணில் விழும். மழை பெய்தால் செம்பழுப்புச் சாறாகக் கசியும். கோடையில் தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். மாடு தின்னாது. அப்படியே வயலில் கொட்டினாலும் எளிதில் மக்காது.

மக்காததற்குக் காரணம் அதில் நிறைந்திருக்கும் லிக்னின். மரத்துக்கு உறுதி கொடுக்கும் அந்தப் பொருளைச் சிதைக்கப் பெரும்பாலான நுண்ணுயிர்களால் முடிவதில்லை. சிப்பிக் காளானால் முடியும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி காளான் வித்து. அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அறுபது நாளில் கறுத்து உரமாகிவிடும். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 112 பங்கு என்றிருந்தது, 24 பங்காக இறங்கும். கழிவுக்குக் கிடைத்த முதல் மரியாதை என்று இதைத்தான் சொல்வேன். பணம் அதில் வரவில்லை, மரியாதை வந்தது.

பணம் வந்தது வேறு திசையிலிருந்து. ஐரோப்பியர் தொட்டிச் செடிக்கும் நாற்றுக்கும் பல பத்தாண்டுகளாகப் பீட் பயன்படுத்தினார்கள். குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மடிந்து மடிந்து படிந்த மண் அது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு போயிற்று. உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்தும் வைத்திருப்பதைவிட அதிகமான கரிமம் பீட் நிலங்களில் புதைந்திருக்கிறது. வெட்டினால் அது காற்றில் கலக்கும். மாற்றுத் தேடியவர்கள் கையில் நம் தூள் அகப்பட்டது. தன் எடையைப்போல் எட்டு மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். வேர் மூச்சு விடவும் இடம் கொடுக்கும். தென்னை ஆண்டு முழுவதும் காய்க்கிறது. சதுப்பைப்போல் ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து தூளின் வாழ்க்கையே மாறிவிட்டது. சலித்து, கழுவி, சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைத்து, அழுத்தி, ஐந்து கிலோ பிளாக்காக்குகிறார்கள். கையில் தூக்கிவிடக்கூடிய அந்தக் கட்டியில் தண்ணீர் ஊற்றினால் சுமார் 70 லிட்டராகப் பொங்கும். தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறி நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களுக்கு, தென்கொரியாவுக்கு, அமெரிக்காவுக்கு, சீனாவுக்குப் போகிறது. மண்ணையே தொடாத ஸ்ட்ராபெரிச் செடி நம் ஊர்த் தூளில் வேர் விடுகிறது. 2021–22-இல் இந்தியாவின் கயிறு, நார்ப் பொருள் ஏற்றுமதி 4,340 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதி இந்தத் தூளுக்குக் கிடைத்தது. நாரை எடுத்துக்கொண்டு நாம் ஒதுக்கித் தள்ளியது, நாரையே முந்திவிட்டது.

ஆனால் ‘கழுவி’ என்று ஒரு சொல்லில் கடந்துவிட்ட இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். தென்னை உப்பைத் தாங்கும் மரம். அது உறிஞ்சும் சோடியமும் பொட்டாசியமும் மட்டையில் தங்குகின்றன. இளநாற்றின் வேருக்கு அது ஆகாது. அதனால் வாங்குபவர் முதலில் கேட்பது இ.சி. எவ்வளவு என்பதைத்தான். அதாவது உப்பின் அளவு. அதைக் குறைக்க நல்ல தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பாய்ச்ச வேண்டும். உயர்தரம் வேண்டுமென்றால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறப்போட்டு, பிறகும் அலச வேண்டும். உப்பு நீங்கிய தூள் கப்பலேறுகிறது. நீங்கிய உப்பு எங்கே போகிறது?

கிணற்றுக்குப் போகிறது. தொட்டியும் தளமும் இல்லாமல் வெறும் தரையில் கழுவிய இடங்களில் அந்தச் செம்பழுப்பு நீர் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் நிறம் மாறின என்பது பொள்ளாச்சி விவசாயிகளின் நெடுநாள் குறை. 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார் ஆலைகளை மாசு குறைந்த வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. தொழில்துறையினர் எதிர்த்தார்கள். சிறு மில்காரரின் அச்சம் எனக்குப் புரிகிறது. பலரும் வங்கிக் கடனில் ஓட்டுகிறார்கள். ஆனாலும் விவசாயி பக்கம்தான் நியாயம். அவர் கிணறு இல்லையேல் தென்னை இல்லை, தென்னை இல்லையேல் மட்டை இல்லை.

தார்ப்பாய் விரித்த தொட்டி, கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரித்து மறுபடி கழுவவே பயன்படுத்தும் பொது நிலையம், களத்தில் விழும் மழைநீரைச் சேமிக்கும் குளம்: இவை செய்ய முடியாத காரியங்கள் இல்லை. தனி மில்லால் முடியாததைப் பத்து மில் சேர்ந்து செய்யலாம். அரசு பாதிச் செலவை ஏற்கலாம். பீட்டை விட்டு நம்மிடம் வருபவர்கள் தங்கள் சதுப்பைக் காப்பாற்றத்தான் வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் விலையில் நம் கிணற்றைக் காப்பாற்றும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் கேட்டு வாங்க வேண்டும்.