மேற்கோள்

கெடு 'கேடு' ஆவதுபோல, கொள் முதல் நீண்டு 'கோள்' ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். மேலே கொள்வது மேற்கோள். தருக்க நூலார் இதை வேறு பொருளில் ஆண்டார்கள். 'மலையில் தீ உண்டு' என்று முதலில் நிறுத்தும் கூற்றே அவர்களுக்கு மேற்கோள். புகை அதற்கு ஏது, அதாவது காரணம். வாதி தான் மேற்கொண்டு நாட்ட வேண்டியது அந்தக் கூற்று. இன்றோ பிறர் ஏற்கெனவே சொன்னதை எடுத்து ஆள்வதுதான் மேற்கோள். சொல் கிட்டத்தட்டத் தலைகீழாகிவிட்டது.

ஆய்வுலகில் மேற்கோள் எண்ணிக்கையாகவும் ஆயிற்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மருந்தியல் துறைத் தலைவராக இருந்த ஆலிவர் லோரி, 1951-இல் புரதத்தை அளக்கும் முறை ஒன்றைக் கட்டுரையாக்கினார். புரதக் கரைசலில் செம்புக் கரைசலையும் ஃபோலின் வினைப்பொருளையும் சேர்த்தால் நீலம் பூக்கும். நீலம் அடர்ந்தால் புரதம் மிகுதி. அவ்வளவே. அந்தக் கட்டுரை 3 லட்சம் மேற்கோள்களைத் தாண்டிவிட்டது. லோரியே அதைத் தம் பெரிய சாதனையாக எண்ணவில்லை. சமையல் குறிப்புக்குக் கிடைத்த புகழ் என்றுதான் எனக்கும் படுகிறது. அதை எடுத்தாண்டவர்களில் பெரும்பாலோர் கருத்தைக் கொள்ளவில்லை, அளவையைக் கொண்டார்கள். ஆனாலும் கொள்வதுதானே கோள்!

'கோள் சொல்லுதல்' என்பதிலும் இதே வடிவம் உண்டு. அங்கும் பிறர் சொன்னதைத்தான் எடுத்துப் போகிறோம். அடிக்குறிப்பு மட்டும் போடுவதில்லை.