சாத்தன் வேறு, சாத்தான் வேறு

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்து மேடைகளில் ஒரு சொல்விளக்கம் உலவுகிறது. ஐயனாருக்குரிய சாத்தன் என்னும் பெயரே விவிலியத்தில் சாத்தான் ஆயிற்றாம். சிலர் இதைத் தமிழின் தொன்மைக்குச் சான்றாக்குகிறார்கள். சிலர் ஊர்த்தெய்வத்தை இழிக்கக் கருவியாக்குகிறார்கள். இரண்டுமே பிழை.

சாத்தன் பெயருக்கு வேராகச் சொல்லப்படும் சாத்து என்பது வணிகக்கூட்டம். பெரும்பாணாற்றுப்படையில் மிளகு சுமந்து போவது கழுதைச் சாத்து. கோவலனின் தந்தை மாசாத்துவான். மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். வடமொழிச் சார்த்தம் பாகதம் வழியே இப்படி வந்தது. ஐயனார் பெயரைச் சாஸ்தாவிலிருந்து பெறுவாரும் உண்டு. எப்படிப் பெற்றாலும் அதில் பகைப்பொருள் இல்லை. இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்கு எப்போதும் அழைப்பது சாத்தனையும் கொற்றனையும்தான். தீயவன் பெயர் என்றால் அப்படி அழைப்பார்களா?

சாத்தான் எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன் என்பது பொருள். எண்ணாகமம் 22இல் பிலேயாமை வழிமறிக்கும் தேவதூதனுக்கே அச்சொல் வருகிறது. யோபு நூலில் அவன் குற்றஞ்சாட்டுபவன். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது தியாபொலோஸ், அதாவது பழிதூற்றுபவன், ஆயிற்று. தமிழில் அவன் பிசாசு ஆனான். 1995இல் வந்த திருவிவிலியத்தில் அலகை ஆனான். அலகை 850ஆம் குறளிலேயே உள்ள பழஞ்சொல்தான். ஆனால் இரண்டு சொல்லும் சுடுகாட்டுப் பேயைத்தான் நினைவூட்டுகின்றன. பழிதூற்றுபவன் மறைந்துபோனான்.

பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபம் 6:11 பிசாசின் தந்திரங்களைச் சொல்கிறது. மூலச்சொல் மெதோதெயா, வழி என்னும் பொருளுடைய ஹோதொஸ் அதனுள் இருக்கிறது. தந்திரமும் அப்படியே. வடமொழியில் தறியைக் குறித்து, பின் முறையாக அமைந்த நூலைக் குறித்தது. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளும் தந்திரங்களே. சூழ்ச்சியும் 671ஆம் குறளில் ஆராய்ந்து எண்ணுதல்தான். நெறியையும் எண்ணத்தையும் குறித்த மூன்று சொற்களும் வஞ்சகத்துக்குப் பெயராகிவிட்டன. ஆகவே பவுல் எச்சரித்தது அலறி ஆடும் பேயைப் பற்றியல்ல, ஒழுங்காகத் திட்டமிட்டு நல்லதுபோல் வரும் பொய்யைப் பற்றி என்பதே என் துணிபு. 2 கொரிந்தியர் 11:14இல் சாத்தான் ஒளியின் தூதனாக வேடமிடுவதும் இதனால்தான்.

பிற சமயங்களோடு கிறிஸ்தவம் எப்படி உறவாடுவது என்று உலகத் திருச்சபையினர் கூடி விவாதித்தது இதே தாம்பரத்தில், 1938 டிசம்பரில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில். அந்த ஊரில் நின்றுகொண்டு அயலாரின் ஐயனாரைச் சாத்தான் என்பது வேர்ச்சொல் ஆராய்ச்சி ஆகாது, பழிதூற்றல். அது தியாபொலோஸின் வேலை. மேடையேறுவோர் அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.