அனாட்டமி வகுப்பு லத்தீனும் ஒரு எல்லைக் கிராமமும் (த்ரெட்)

1/ எம்பிபிஎஸ் முதல் வருஷத்துல எங்களைப் படாதபாடு படுத்தினது லத்தீன் பெயர்கள்தான். கை மனுஸ், கண் ஆக்குலஸ், தலை காபுட், பல் டென்ஸ், நாக்கு லிங்குவா. "செத்துப்போன மொழி"ன்னு சொல்லித்தான் படிச்சோம். ஆனா அதோட பேரப்பிள்ளை ஒண்ணு பால்கன் மலைகள்ல இன்னும் உயிரோட இருக்கு. வாங்க பார்ப்போம்.

2/ அந்த மக்கள் அரோமேனியர். பரம்பரையா ஆடு மேய்க்கிறவங்க. ரோமப் பேரரசு ஆண்ட காலத்துல அங்க பரவின லத்தீன்தான் அவங்க பேச்சுக்கு வேர். கை 'மனா', கண் 'ஓக்லியு', தலை 'காப்', பல் 'தின்தி', நாக்கு 'லிம்பா'. நம்ம பாடப்புத்தகம் மாதிரியே இல்ல?

3/ அவங்க ஊர்கள்ல ஒண்ணு கிராமோஸ். கிரீஸ் நாட்டுல, அல்பேனியா எல்லையை ஒட்டி, 2520 மீட்டர் உயர கிராமோஸ் மலையில இருக்கு. கோடையில மந்தையோட மலையில, பனி விழுறதுக்குள்ள சமவெளியில. இதுதான் அவங்க வாழ்க்கை. ஓட்டோமான் ஆட்சியில நடுவுல எல்லைக்கோடு கிடையாது.

4/ முதல் அடி 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். ஆயுதக் கூட்டங்கள் ஊரைச் சூறையாடின. மக்கள் மந்தைகளோட சிதறிப் போனாங்க. இன்னைக்கும் பல்கேரியா, ருமேனியா, வடக்கு மாசிடோனியாவுல அவங்க வாரிசுகளுக்குப் பேரு 'கிராமோஸ்தியர்'. ஊர் போயிடுச்சு, ஊர்ப்பேரு கூடவே போச்சு.

5/ ரெண்டாவது அடி, எல்லைக்கோடு. 1912-13 பால்கன் போர்களுக்கு அப்புறம் இந்த மலை ரெண்டு நாடுகளுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. ஆட்டுக்குப் புல் எங்க இருக்குன்னு தெரியும், பாஸ்போர்ட் தெரியாது.

6/ மூணாவது அடி, போர். கிரேக்க உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டை 1949 ஆகஸ்ட்ல இதே மலையில நடந்துச்சு. அரசுப் படை விமானத்துல இருந்து நேபாம் குண்டு போட்டுச்சு. தோத்த கம்யூனிஸ்ட் படை எல்லை தாண்டி அல்பேனியாவுக்குள்ள போச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் அந்த எல்லை மூடியே கிடந்துச்சு.

7/ இன்னைக்கு அங்க வருஷம் முழுக்க இருக்கிறவங்க ரொம்பக் கொஞ்சம். அரோமேனிய மொழியை அழியும் நிலையில உள்ளதா யுனெஸ்கோ பட்டியலிட்டிருக்கு. காப்பாத்தணும்னு ஐரோப்பிய கவுன்சிலோட நாடாளுமன்ற அவை 1997-லயே பரிந்துரை செஞ்சுது. கிரீஸ் அரசுப் பள்ளிப் பாடத்துல அதுக்கு இன்னும் இடமில்ல.

8/ ஒரு டாக்டரா சொல்றேன்: ஒரே நாள்ல வர்ற சாவைவிட, கொஞ்சம் கொஞ்சமா வர்ற சாவைக் கவனிக்கிறதுதான் கஷ்டம். குண்டுக்குத் தப்பின மொழி, பேரன்கிட்ட பாட்டி பேசாம விட்டதுல தேஞ்சுக்கிட்டிருக்கு. உங்க வீட்டுல பாட்டியோட போயிட்ட சொல் ஏதாவது இருந்தா, கீழ எழுதிட்டுப் போங்க.