யூ-2 விமானமும் ஒரு பொய்யும்



வகுப்பறையில் மைக்கூட்டைத் தட்டி விழுத்திய மாணவன், ஆசிரியர் உள்ளே வருமுன்னரே ஒரு கதையைக் கட்டிவிடுகின்றான். காற்று வீசியது என்பான். பூனை பாய்ந்தது என்பான். நெடுங்காலம் பாடசாலையிலே பழகிய எனக்கு இது புதிதன்று. ஆனால், வல்லரசுகளும் சில வேளைகளில் அந்த மாணவனைப் போலவே நடந்துகொள்கின்றன என்பதை வரலாற்று ஏடுகளே எனக்குக் கற்பித்தன. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவுக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

யூ-2 என்பது ஏறக்குறைய 70,000 அடி உயரத்திற் பறக்கவல்ல ஒரு வேவு விமானம். 1956 ஜூலை முதல் அது சோவியத் நாட்டின் மேலே பறந்து இராணுவத் தளங்களைப் படம்பிடித்து வந்தது. சோவியத் அரசாங்கம் இதனை அறியாமலில்லை. ஆயினும், தன் வானத்தைத் தன்னாற் காக்கமுடியவில்லை என்று உலகறியச் சொல்ல எந்த அரசு விரும்பும்? இரகசியமாகக் கண்டனம் அனுப்பிவிட்டு வெளியில் வாய்மூடியிருந்தது. ஆகவே, இந்தக் கதையில் வெட்கத்தை மறைத்தவர்கள் ஒரு பக்கத்தார் மாத்திரமல்லர்.

1960 மே 16ஆம் திகதி பாரிஸ் நகரில் நான்கு வல்லரசுகளின் தலைவர்கள் கூடுவதாக ஏற்பாடாகியிருந்தது. அணுக்குண்டுப் பரிசோதனைகளை நிறுத்துவதற்கு வழி பிறக்கும் என்று பலரும் நம்பினர். அதற்குப் பதினைந்து நாட்களின் முன், மே முதலாந் திகதி, பிரான்சிஸ் கேரி பவர்ஸ் என்னும் விமானி பாகிஸ்தானிலுள்ள பெஷாவரிலிருந்து நோர்வேயை நோக்கிப் புறப்பட்டார். சுவேர்ட்லோவ்ஸ்க் நகருக்கு அருகே ஏவுகணையொன்று விமானத்தை வீழ்த்தியது. பவர்ஸ் பரசூட்டின் உதவியால் உயிருடன் தரையிறங்கிப் பிடிபட்டார்.

வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு இது தெரியாது. அத்தகைய விமானம் அடிபட்டால் விமானி உயிர்தப்ப மாட்டார் என்றே ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு முன்பு உறுதி கூறப்பட்டிருந்தது. இறந்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான் அல்லவா? அந்தத் துணிவிலே கதை கட்டப்பட்டது. துருக்கியின் மேலே வானிலை ஆராய்ந்துகொண்டிருந்த விமானமொன்றில் விமானிக்கு ஒட்சிசன் தடைப்பட்டதென்றும், அவர் வழிதவறியிருக்கலாமென்றும் நாசா என்னும் விண்வெளி நிறுவனம் அறிவித்தது. அறிக்கை போதாதென்று, இன்னொரு யூ-2 விமானத்துக்கு நாசாவின் அடையாளமும் பொய் இலக்கமும் தீட்டிப் பத்திரிகையாளருக்குக் காட்டினார்கள்! எல்லையை மீறும் எண்ணம் எமக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்று இராஜாங்கத் திணைக்களத்தின் பேச்சாளரும் அடித்துக் கூறினார்.

குருஷ்சேவோ மே 5ஆம் திகதி விமானம் வீழ்த்தப்பட்ட செய்தியை மாத்திரமே வெளியிட்டார். விமானியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை முடியட்டும் என்று இரண்டு நாட்கள் பொறுத்திருந்தார். மே 7ஆம் திகதி, விமானி உயிரோடிருக்கின்றான், உண்மையை ஒப்புக்கொண்டும் விட்டான் என்று அறிவித்தார். விமானியிடம் கொடுக்கப்பட்டிருந்த நச்சு ஊசியும் உலகுக்குக் காட்டப்பட்டது.

விமானம் வீழ்ந்தது ஒரு தோல்வி. வேவு பார்ப்பது எல்லா நாடுகளும் அறிந்த சங்கதி. ஆனால், ஒரு நாட்டின் அரசாங்கம் கூறிய பொய், தன் சொந்த மக்களின் முன்னே இவ்வாறு அம்பலமானது பெரிய இழிவு. அன்று மாலையே இரண்டாவது கதை பிறந்தது. விமானம் பறந்தது உண்மையாயிருக்கலாம், ஆனால் வாஷிங்டன் அதற்கு அனுமதி வழங்கவில்லை என்றார்கள்.

இந்த இடத்திலேதான் எனக்கு ஐசன்ஹோவரிடம் மதிப்பு உண்டாகின்றது. ஜனாதிபதிக்கு இது தெரியாதிருந்திருக்கலாம் என்று குருஷ்சேவே ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார். புலனாய்வு நிறுவனத்தின் தலைவர் அலன் டலஸ் பழியை ஏற்றுப் பதவி விலகவும் முன்வந்தார். அந்த வாசலால் வெளியேறியிருந்தால் மகாநாடு ஒருவேளை பிழைத்திருக்கும். ஆனால், தம் ஆட்சியில் நடப்பது தமக்கே தெரியாது என்று சொல்லும் ஒருவரின் கையில் அணுவாயுதங்கள் இருப்பதை உலகம் எவ்வாறு பொறுக்கும்? மே 11ஆம் திகதி அவர் பத்திரிகையாளரின் முன்னே பொறுப்பைத் தாமே ஏற்றார்.

அப்பொழுது காலம் கடந்துவிட்டது. பாரிஸில், ஐசன்ஹோவர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று குருஷ்சேவ் வற்புறுத்தினார். பறப்புகள் இனி நடைபெறா என்று கூறிய ஐசன்ஹோவர் மன்னிப்புக் கோர மறுத்தார். மகாநாடு தொடங்கிய இடத்திலேயே கலைந்தது. பரிசோதனைத் தடை உடன்படிக்கை, அதுவும் ஒரு பகுதியளவில், 1963 ஆகஸ்டிலேதான் கைச்சாத்தாயிற்று. தாம் சொல்லவிட்ட பொய்க்கு இத்துணை விலை கொடுக்க நேரும் என்று எண்ணவில்லை என ஐசன்ஹோவர் பின்னாளில் வருந்தினார்.

அடுத்து வந்த கென்னடியும் முதலிற் பொய்யையே நாடினார். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் குடாவில் இறங்கிய ஏறக்குறைய 1,400 பேரின் பின்னே அமெரிக்கா இருந்ததை மறைக்க முயன்றார். மூன்று நாட்களில் படையெடுப்பு முறியடிக்கப்பட்டதும், இரண்டாவது கதை தேடாமல், பொறுப்புத் தம்முடையதே என்றார். கலப் கருத்துக்கணிப்பில் அவருக்கிருந்த ஆதரவு 83 வீதமாக உயர்ந்தது. இதைக் கண்டு ஒப்புக்கொள்ளுதலையும் ஒரு தந்திரமாகக் கொள்வோர் உண்டு. கியூபாவில் சிறைப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அந்த 83 வீதத்தால் உடனே எந்தப் பயனும் விளையவில்லை. அலன் டலஸ் அவ்வாண்டு நவம்பரிலே பதவியிழந்தார்.

பவர்ஸ் என்ன ஆனார்? மொஸ்கோவில் பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவர், 1962 பெப்ரவரி 10ஆம் திகதி பேர்லின் அருகேயுள்ள கிளினிக்கே பாலத்தில் சோவியத் ஒற்றர் ருடோல்ஃப் ஏபலுக்கு மாற்றாக விடுவிக்கப்பட்டார். தாயகம் திரும்பியவரை எல்லோரும் மலர் தூவி வரவேற்கவில்லை. நச்சு ஊசியை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டவர்களும் இருந்தனர். உயிரோடிருந்ததே அவர் செய்த குற்றம் போலும்! செனற் சபையின் குழுவொன்று அவரை விசாரித்து, அவர்மேற் குறையில்லை என்றது. 1977இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். வெள்ளி நட்சத்திரப் பதக்கம் 2012இலேதான் வந்தது. அதனை அவருடைய பேரப்பிள்ளைகள் பெற்றுக்கொண்டனர்.